நீலத்துக்குள் வந்த தெரு

தாம்பரத்துக்குத் தெற்கே ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் நான் நகரமைப்பு அலுவலராக இருந்தபோது, ஒரு வரைபடம் தயாரிக்கச் சொன்னார்கள். மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, அது எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று தெருத்தெருவாக அளந்து, வண்ணம் பூசி, மக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். அதன் பிறகு வடிகால் திட்டமாக மேலே அனுப்ப வேண்டும். கேட்பதற்கு எளிதான வேலைதான். ஆனால் சுற்றியிருந்த சிறிய ஊர்கள் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்ட புதிது அது. ஒவ்வொரு பழைய அலுவலகத்திலிருந்தும் ஒவ்வொரு மாதிரி வரைபடம் வந்து சேர்ந்தது. ஒன்றில் தெருவாக இருந்த இடம் இன்னொன்றில் ஏரியாக இருந்தது.

எங்கள் மேலதிகாரி அப்போதுதான் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். முதல் கூட்டத்திலேயே, "என்னென்ன தப்பாப் போகும்னு மொதல்ல எழுதுங்க. அப்புறம் வேலைய ஆரம்பிக்கலாம்" என்றார். எழுதினோம். மழை முன்னதாக வரலாம். யாராவது நீதிமன்றத்துக்குப் போகலாம். தேர்தல் வரலாம். ஆட்கள் மாற்றலாகிப் போகலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அப்படி நடந்தால் என்ன செய்வோம் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. ஆட்கள் மாற்றலாவதற்கு எதிரே நான் "மாற்று ஆள் கோரப்படும்" என்று எழுதியிருந்தேன்.

மேலதிகாரி அதைப் படித்துச் சிரித்தார். "கோருவீங்க. சரி. கெடைக்குமா?"

"கெடைக்காது சார்."

"அப்ப அதையும் எழுதிடுங்க."

எழுதவில்லை. அப்படியெல்லாம் எழுதினால் கோப்பு திரும்பி வந்துவிடும்.

காகிதத்தில் எங்கள் குழு பெரியது. கோடை முடிவதற்குள் அது என்னோடு சேர்த்து மூன்று பேராகிவிட்டது. வாக்காளர் பட்டியல் வேலைக்குச் சிலரைக் கூட்டிப் போனார்கள், அவர்கள் திரும்பவில்லை. கணினியில் வரைபடம் போடத் தெரிந்த ஒப்பந்தப் பணியாளர் ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கேக் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடவுச்சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துப் போனாள். அதன் பிறகு அந்த மென்பொருளை நானே கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கேம்ப் ரோடு வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்து உட்காருவேன்.

மிச்சமிருந்த இருவரில் ஒருவர் உதவிப் பொறியாளர். தென்காசிப் பக்கம். மனைவி அங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியை. பையன் அந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்திருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் ரயில் ஏறுவார். திங்கள் காலை தோளில் பையோடு நேராக அலுவலகத்துக்கு வருவார். பேசுவது குறைவு. மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்திவிட்டால், வெயிலா நிழலா என்று கவனிக்காமல் நிற்பார்.

இன்னொருவர் சர்வேயர். ஐம்பதைத் தாண்டியவர். இதே ஊர்ப்பக்கம் பிறந்து வளர்ந்தவர். எந்தத் தெருவுக்குப் போனாலும் யாராவது ஒருவர் அவரை "அண்ணா" என்று கூப்பிட்டு நிறுத்துவார்கள். அதனால் வேலை தாமதமாகும். ஆனால் பூட்டிய கேட்டுகள் திறக்கவும் அதுதான் உதவியது.

ஆடி மாதத்தில் பொறியாளருக்கு மாற்றல் ஆணை வந்தது. தென்காசிக்கே. வந்து என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார்.

"சந்தோஷம்" என்றேன்.

"நீங்க விட்டாத்தான மேடம் சந்தோஷம்" என்றார்.

அரசு வேலையில் மாற்றல் ஆணை வந்தால் மட்டும் போதாது. இருக்கும் அலுவலகம் விடுவித்து ஓர் ஆணை போட வேண்டும். அது வராதவரை மாற்றல் வெறும் காகிதம்தான். சிலர் வருடக்கணக்கில் அப்படிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மேலதிகாரியிடம் போனேன். "விடாதீங்க. திட்டம் முடியட்டும்" என்றார்.

"திட்டம் எப்ப முடியும் சார்?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வரை பொறியாளர் இருக்கட்டும், அதற்குப் பிறகு வரும் திருத்தங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மேலதிகாரிக்கு அரைமனதுதான். ஆனாலும் குறிப்பு எழுதிக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிவிட்டேன். பொறியாளரிடம் தேதியைச் சொன்னேன்.

"கூட்டம் தள்ளிப் போச்சுன்னா?"

"கூட்டம் போனாப் போகட்டும். உங்க தேதி மாறாது."

அவர் உடனே வெளியே போய் மனைவிக்குப் போன் செய்தார். நடைபாதையில் அவர் குரல் கேட்டது. அந்த அளவுக்கு அவர் சத்தமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதற்கடுத்த வாரம் பெருங்களத்தூர் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, புதிதாக அடுக்குமாடிகள் எழும்பியிருந்த பகுதியில் அளந்துகொண்டிருந்தோம். ஒரு தெருமுனையில் சர்வேயர் கருவியைப் பிரிக்காமல் நின்றார். பொறியாளர் டீ வாங்கப் போயிருந்தார்.

"இன்னா ஆச்சு?" என்றேன். அவரோடு பேசிப் பேசி எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு விஷயம். இந்தத் தெருவுல அதோ அந்த மஞ்ச பில்டிங் கீதே, அதுல கீழ்த்தளத்துல ஒரு வூடு நம்மளுது."

"வாடகைக்கா?"

"சொந்தம். வூட்டுக்காரம்மா பேர்ல. போன மாசந்தான் பால் காய்ச்சினோம். ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லல."

அந்தத் தெரு பள்ளம் என்பது பார்த்தாலே தெரிந்தது. பெரிய சாலைக்கு ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயரம் கூடிக்கொண்டே போக, தெரு கிண்ணம் மாதிரி கீழே தங்கிவிட்டது. தண்ணீர் நிற்கும் தெருக்களுக்கு எங்கள் படத்தில் நீலம் பூசுவதாக ஏற்பாடு. நீலத்துக்குள் வந்தால் வடிகால் முதலில் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டை வாங்க நினைப்பவன் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான்.

"ஏன் இப்ப சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கு எவனாவது கேட்டான்னா நீங்கதான மேடம் பதில் சொல்லணும்."

அந்தத் தெருவையும் அதை ஒட்டிய தெருக்களையும் அவர் அளக்க வேண்டாம், பொறியாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நா எடுத்தா தப்பா எடுப்பேன்னு நெனைக்கிறீங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"நீங்க சரியா எடுத்தாலும் தப்புன்னுதான் சொல்வாங்க."

அவர் முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நா செம்பாக்கம் பக்கம் போறேன்" என்று சொல்லிவிட்டு, டீ வரும்வரைகூட நிற்காமல் வண்டியை எடுத்தார். இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருவரை ஒரு பகுதியிலிருந்து ஒதுக்கியதால் பொறியாளரின் சுமை இரட்டிப்பானது. அவர் அந்தத் தெருவை இரண்டு முறை அளந்தார்.

நீலம் பூசியது நான்தான். மற்றவர்கள் பார்ப்பதற்கு முன்பு சர்வேயரைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். மஞ்சள் கட்டடம் முழுவதும் நீலத்துக்குள் இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ரெண்டு தபா எடுத்தாரா?"

"ரெண்டு தடவையும் அதேதான்."

"அப்ப கரெக்டு" என்றார். வெளியே போனவர் மதியத்துக்குப் பிறகுதான் வந்தார்.

சில நாட்கள் கழித்து அவர் மனைவி என்னைப் பார்க்க வந்தார். சேலையூரில் ஒரு பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்தவர். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேடம், எங்க வூட்டுக்காரரு முப்பது வருஷமா ஊர் நெலத்தையெல்லாம் அளந்தாரு. சொந்த வூட்ட அளக்க மட்டும் வேற ஆளு வெச்சீங்களாமே?"

"அவருக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னுதான்மா."

"இப்ப மட்டும் நல்ல பேரா? ராத்திரி தூங்க மாட்டேங்குறாரு." மேஜைக்குக் கிட்டே வந்தார். "எங்க பில்டிங்குக்கு அப்ரூவல் குடுத்தது ஆபீஸுதான? அப்ப யாரும் பள்ளம்னு சொல்லலியே."

"அப்ரூவல் கட்டடத்துக்குத்தான்மா. தெருவோட உயரத்த அதுல பாக்க மாட்டாங்க." சொல்லும்போதே அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

"நாளைக்குப் பொண்ணு கல்யாணத்துக்கு விக்கணும்னா எவன் வாங்குவான்?"

"நீலத்துல இருந்தாத்தான் வடிகால் சீக்கிரம் வரும்."

"எப்ப வரும்?"

"தெரியாது" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாத விஷயத்துக்கு எங்க வூட்டுக்குப் பெயிண்டு அடிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். படியிறங்கும் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. சர்வேயர் அன்று களத்தில் இருந்தார். மனைவி வந்தது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் சொன்ன தேதியில் நடந்தது. எனக்கே ஆச்சரியம். ஒரு சமுதாயக் கூடத்தில் சுவர் அகலத்துக்குப் படத்தை ஒட்டியிருந்தோம். நாங்கள் எழுதிவைத்த ஆபத்துகளில் எதுவும் அன்று வரவில்லை. மழை இல்லை, வழக்கு இல்லை. வந்தவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு பாதிக்குத் தங்கள் தெரு நீலத்திலிருந்து வெளியே வர வேண்டும். மறுபாதிக்குத் தங்கள் தெரு ஏன் நீலத்துக்குள் இல்லை என்று கோபம்.

முதலில் பேசியவர் பெருங்களத்தூர்ப் பகுதிக் குடியிருப்போர் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். நல்ல வெள்ளைச் சட்டை, தெளிவான பேச்சு. "வடிகால் வேணும். அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா இந்த நீலம் வேணாம். வடிகாலப் போட்டுட்டு கலர எடுத்துடுங்க" என்றார். கைதட்டல் எழுந்தது.

பின்னாலிருந்து ஒரு பெண்மணி எழுந்தார். கூடை பின்னி விற்பவர் என்று பிறகு சொன்னார்கள். "கலரு வேணான்றவங்க கலர எங்க தெருவுக்குக் குட்த்துடுங்க சார். வருஷா வருஷம் முட்டிக்கால் தண்ணில நிக்கிறோம். படத்துல எங்க தெரு வெள்ளையா கீது. எங்கள மட்டும் எதுக்கு வுட்டீங்க?"

பொறியாளர் என் காதருகில் குனிந்தார். "அவங்க சொல்லுதது சரிதான் மேடம். அங்க கேபிளுக்குத் தோண்டிப் போட்டிருந்தாங்க, கருவிய நிறுத்த முடியல. பழைய அளவத்தான் போட்டோம்."

நான் அதை ஒலிபெருக்கியில் அப்படியே சொன்னேன். அந்தத் தெருவை மறுபடியும் அளப்போம் என்றேன். "எப்போ?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். பொறியாளர் எழுந்து, "இன்னைக்கே வாரோம்மா" என்றார். அன்று சாயங்காலம் அவருக்கு ரயில். பெட்டி படுக்கையெல்லாம் காலையிலேயே அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது செயலாளர் மறுபடியும் எழுந்தார். "இன்னொன்னு கேக்கணும். உங்க சர்வேயர் எங்க ஏரியாவுலதான் வீடு வாங்கியிருக்கார்னு கேள்விப்பட்டோம். அவர் வீட்ட ஒதுக்கிட்டு எங்க தெருக்கள மட்டும் நீலமாக்கியிருக்கீங்களா?"

கூடம் சலசலத்தது. மேலதிகாரி என்னைப் பார்த்தார். வீட்டு விஷயம் அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் சர்வேயர் கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்தார். படத்தின் முன் நின்று விரலை வைத்தார்.

"இதான் சார் நம்ம வூடு. கீழ்த்தளம். என்னா கலர் கீதுன்னு வந்து பாருங்க. இந்தத் தெருவ நா அளக்கல, இதோ இவர் அளந்தாரு. நா அளக்கக் கூடாதுன்னு மேடம் சொல்ட்டாங்க."

செயலாளர் நிஜமாகவே முன்னால் வந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நாலைந்து பேர் அவர் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவர் கேட்டது நான் எதிர்பார்க்காதது. "அப்ப நீங்க ஏன் சும்மா இருக்கீங்க? நீங்களும் எங்களோட சேர்ந்து எதிர்க்கணுமே!"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சர்வேயர் சிரிக்கவில்லை. "சார், எதிர்க்கிறத வுடுங்க. தண்ணி வருமா, வராதா? அத மொதல்ல சொல்லுங்க."

"வரும்..." என்று இழுத்தார் செயலாளர். "வரத்தான் செய்யுது. அதுக்காக..."

அதோடு அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் மேலும் நீண்டது. ஆனால் சர்வேயரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் பொறியாளரும் சர்வேயரும் அந்தப் பெண்மணியின் தெருவுக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகு மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாத்தீங்கல்ல. திருத்தம் நெறைய வரும். இன்னும் ரெண்டு மாசம் அவர வெச்சுக்கலாம்."

"ஆர்டர் காலைலயே குடுத்துட்டேன் சார்."

"நான் கேன்சல் பண்ணச் சொன்னா?"

"நீங்கதான் சார் குறிப்புல கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப தாமதமானா நீங்கதான் பொறுப்பு" என்றார். சரி என்றேன்.

சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் பொறியாளரை வழியனுப்ப நானும் சர்வேயரும் போனோம். பொறியாளரின் பேன்டில் முட்டி வரை சேறு. அளவுகளை எழுதிய தாளை என்னிடம் கொடுத்து, எந்த எண் எங்கே போட வேண்டும் என்று நடைமேடையிலேயே விளக்கினார். "நீலம்தான் மேடம், சந்தேகமே இல்ல" என்றார். ரயில் வந்ததும் சர்வேயர் பெட்டியை ஏற்றிக் கொடுத்து, "ஊர்ல போயி புள்ளைய ஸ்கூலுக்கு இட்டுக்கினு போப்பா" என்றார். பொறியாளர் தலையாட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

தாமதமாகத்தான் ஆயிற்று. திருத்தங்களைச் செய்ய நானும் சர்வேயரும் மட்டும். இரண்டு இடங்களில் நான் தப்பாக எண் போட்டு, சாய்வு தலைகீழாகி, தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுவதாகப் படம் காட்டியது. கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். அது என் பணிப்பதிவேட்டில் இன்னும் இருக்கிறது. பதவி உயர்வில் ஒரு சுற்று பின்னால் போனேன். அதற்காக வருத்தப்பட்டேனா என்றால், அந்த வருடம் பட்டேன்.

அந்த ஐப்பசியிலேயே பெரிய மழையும் பிடித்தது. ஒருநாள் விடியற்காலையில் சர்வேயரின் மனைவியிடமிருந்து போன்.

"மேடம், தண்ணி உள்ள வந்துடுச்சு. பம்ப் அனுப்பச் சொல்றீங்களா? அவரு டூட்டில எங்க கீறாருன்னே தெரியல, போன் போவல."

அவர் அப்போது ஏரிக்கரையில் மணல் மூட்டை அடுக்கும் இடத்தில் இருந்தார். பம்பு செட்டுக்குச் சொன்னேன். அது மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. அதற்குள் சர்வேயரின் மனைவி ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவைத்து, மகளோடு மாடி வீட்டில் தங்கியிருந்தார். இரண்டாவது முறை பேசும்போது சொன்னார்: "உங்க படத்துல நீலம் முடியிற எடத்துக்கு அப்பாலயும் தண்ணி நிக்குது மேடம். கோயில் வரைக்கும்."

உண்மைதான். நாங்கள் வரைந்த எல்லை போதவில்லை. தண்ணீர் வடிந்ததும் சர்வேயர் சாக்பீஸோடு தெருவில் இறங்கி, சுவர்களில் படிந்திருந்த கறையை வீடு வீடாக அளந்தார். போவதற்கு முன், "இப்ப எங்க வூட்டயும் நானே அளக்கலாம்ல மேடம்?" என்று கேட்டார். அளக்கலாம் என்றேன். எல்லையைக் கோயில் வரை நகர்த்தினோம். அந்த மழைக்குப் பிறகு நீலத்தை எடுக்கச் சொல்லி ஒரு மனுவும் வரவில்லை. பொங்கலுக்குப் பிறகு திட்டம் மேலே போனது. முழுவதுக்கும் நிதி கிடைக்கவில்லை. கூடை பின்னும் பெண்மணியின் தெரு முதல் கட்டத்தில் வந்தது. மஞ்சள் கட்டடத்தின் தெரு இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளப்பட்டது. பட்டியலைப் பார்த்து சர்வேயர், "அவங்களுக்குத்தான் மொதல்ல வரணும், குடிசைங்க" என்றார். அவர் வீட்டில் என்ன சொன்னார்களோ, தெரியாது.

எனக்கும் மாற்றல் வந்தது. என்னை யாரும் பிடித்துவைக்கவில்லை, மறுநாளே விடுவித்துவிட்டார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடையில் சர்வேயரின் மனைவியைப் பார்த்தேன். அவராகவே வந்து பேசினார். கணவர் ஓய்வு பெற்றுவிட்டாராம், வீட்டிலேயே இருப்பது பேஜாராக இருக்கிறது என்று தினம் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றுகிறாராம். வீட்டின் தரையை உயர்த்திவிட்டார்கள், வாசல் நிலை இப்போது தாழ்வாக இருக்கிறது, உயரமான விருந்தாளிகள் குனிந்துதான் வர வேண்டும் என்றார். வடிகாலுக்குத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். பலகை போட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது.

"பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம் மேடம். அமைஞ்சதும் வந்து பத்திரிகை வெக்கிறேன்" என்றார்.

வீட்டு முகவரியைச் சொன்னேன். கடைக்காரர் மாத்திரையை நீட்டவும், வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.